பார்த்ததா, அறிந்ததா? அனிமே ரசிகர் ஓவியங்களில் பால்மயக்கப் பாத்திரங்களுக்குக் குறிச்சொல் இடுவது பற்றி

1. கேள்வி

இச்சிகாவா ஹருகோவின் ‘ஹோசெகி நோ குனி’ (ரத்தினங்களின் நாடு) என்ற மங்கா 2012 முதல் 2024 வரை ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழில் தொடராக வந்தது. அதன் மையப் பாத்திரமான ஃபாஸ்ஃபோஃபிலைட்டை ரசிகர்கள் ‘ஃபாஸ்’ என்று சுருக்கி அழைப்பார்கள். ஃபாஸ் மனிதரே அல்ல, கனிமம். கடினத்தன்மை மூன்றரை. தட்டினால் நொறுங்கும், பொறுக்கி ஒட்டினால் மீண்டும் எழுந்து நடக்கும் உடல். கதையில் வரும் ரத்தினங்கள் எவற்றுக்கும் பால் கிடையாது.

ரசிகர் ஒருவர் ஃபாஸை வரைந்து, படத் தொகுப்பு ஒன்றில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாடையளவில் வெட்டிய இளம்பச்சைக் கூந்தல், கறுப்புச் சீருடை, டை, அரைக்கால் சட்டை, ஒல்லியான நீண்ட கால்கள். குறிச்சொல் இடும் தன்னார்வலருக்கு இதில் பெரும்பகுதி எளிது: பச்சை முடி, குட்டை முடி, படிக முடி, டை, சீருடை. ஆனால் பட்டியலின் தலையில் வரவேண்டியது, படத்தில் எத்தனை பேர், அவர்கள் யார் என்ற குறிச்சொல். ‘1கேர்ள்’, ‘1பாய்’, ‘1அதர்’ ஆகிய மூன்றில் ஒன்றை இட்டாக வேண்டும். கை அங்கேதான் நிற்கிறது.

அந்தக் குறிச்சொல் பேசுவது படத்தைப் பற்றியா, பாத்திரத்தைப் பற்றியா? இக்கட்டுரை ஆராய்வது இதைத்தான். ஒரே குறிச்சொல் இரண்டு வேலையையும் செய்யவேண்டியிருப்பதால்தான் இந்த வழக்கு தீராமல் இழுக்கிறது என்பது என் வாதம். மயக்கம் படைப்பின் இயல்பாகவே இருக்கும்போது அதைக் குறிச்சொல் இடுபவரின் அறியாமையாகப் பதிவதும் இதே குழப்பத்தின் விளைவு.

2. நடப்பிலுள்ள மரபுகள்

2005இல் தொடங்கிய டான்பூரு, அனிமே பாணிப் படங்களுக்கான மிகப் பெரிய குறிச்சொல் தொகுப்புகளில் ஒன்று. ‘பார்ப்பதைக் குறி, அறிந்ததைக் குறிக்காதே’ என்பது அங்கே அடிப்படை விதி. விதிக்குப் பின்னே நல்ல காரணம் உண்டு. மழையில் குடையோடு நிற்கும் சிவப்பு முடிப் பெண் வேண்டும் என்று தேடுபவருக்குக் கதைச் சுருக்கம் தேவையில்லை, படம் தேவை. விலங்குருப் பாத்திரங்களைத் தொகுக்கும் இ621 இவ்விதியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. தன் பாத்திரம் இன்ன பால் என்று ஓவியரே சொன்னாலும், படத்தில் அது தெரியாவிட்டால் பால் குறிச்சொல்லில் அது ஏறாது.

டான்பூருவின் நடைமுறை அத்தனை கறாரானதல்ல. ‘ஃபேட்/அபோக்ரிஃபா’ (நாவல் வரிசை 2012–2014, அனிமே 2017) கதையில் வரும் அஸ்டோல்ஃபோ, நீண்ட பின்னலும் குட்டைப் பாவாடையுமாகப் பெண்போலவே வரையப்படும் ஆண் வீரர். கண்ணை மட்டும் நம்பினால் அவர் படத்துக்கு ‘1கேர்ள்’ என்றுதான் இடவேண்டும். இடப்படுவதோ ‘1பாய்’, கூடவே, பெண் தோற்றத்து ஆணைக் குறிக்கும் ‘ஒட்டோகோ நோ கோ’. முடிக்கும் உடைக்கும் கண்ணை நம்பும் விதி, பால் என்று வந்ததும் அறிவுக்கு வழிவிட்டு விலகுகிறது.

ஜப்பானில் 2007இல் தொடங்கிய பிக்சிவ் வேறு மரபைச் சேர்ந்தது. அங்கே முதலில் குறிச்சொல் இடுபவர் வரைந்தவரே. ஒரு படைப்புக்குப் பத்துக்கு மேல் இட முடியாது என்பதால் ஒவ்வொன்றும் யோசித்து இடப்படுகிறது. அதன் வேலையும் வேறு. ‘சுமிவாகே’ என்று ஜப்பானிய ரசிகர்கள் சொல்லும் மரியாதை ஒன்று உண்டு: பிடிக்காதவர் கண்ணில் படாதபடி, பிடித்தவர் தேடி வரும்படி, அவரவர் இடத்தை அடையாளமிட்டுப் பிரித்துக்கொள்வது. ஆண்–ஆண் காதலைச் சொல்லும் படைப்புகளில் ‘ஃபு-முகே’ என்ற குறி அதற்காகவே இடப்படுகிறது. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ கதையின் லீவையும் ஹாஞ்சியையும் இணையாக வரைபவர், அந்தக் குறியை இடுவதா வேண்டாமா? ஹாஞ்சியின் பால் தெரியாமல் இதற்குப் பதில் இல்லை. குறி தவறினால், ஒதுங்கிப்போக நினைத்தவரின் முன்னால் படம் போய் நிற்கும், தேடியவருக்குக் கிடைக்காது.

ரசிகர் கதைகளுக்கான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் (2009) அதிகாரத்தை எழுதியவரிடமே விட்டுவிடுகிறது. தன்னார்வலர்கள் ஒரே பொருள் தரும் குறிச்சொற்களைத் தேடலுக்காகப் பின்னணியில் இணைப்பார்கள். எழுதியவர் இட்டதைத் திருத்துவதில்லை. நாகரிகமான ஏற்பாடு. ஆனால் மூன்றாம் நபர் யாரோ எடுத்து ஏற்றிய படங்களால் நிறைந்த தொகுப்புகளுக்கு இது உதவாது. அங்கே வரைந்தவர் பக்கத்திலேயே இருப்பதில்லை.

3. கண் எதைப் பார்க்கிறது?

‘பார்ப்பதைக் குறி’ என்பது நடுநிலையான விதிபோல ஒலிக்கிறது. அனிமே ஓவிய மரபின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் அந்த நடுநிலை நிற்பதில்லை.

தெசுகா ஒசாமு வளர்ந்த ஊர் தகராசுகா. ஆண் வேடங்களையும் பெண்களே ஏற்கும் இசை நாடகக் குழுவால் பெயர்பெற்ற ஊர் அது. அந்த மேடையின் சாயல் படிந்த அவருடைய ‘ரிபோன் நோ கிஷி’ 1953இல் தொடராகத் தொடங்கியது. அதன் நாயகி சஃபையருக்கு ஆண் இதயம் ஒன்று, பெண் இதயம் ஒன்று. இகேதா ரியோகோவின் ‘வெர்சாய் ரோஜா’ (1972–73) ஆண் உடையில் அரசகாவல் படையை நடத்தும் ஓஸ்காரைத் தந்தது. 1974இல் அதுவே தகராசுகா மேடைக்குப் போனது. பெரிய கண், கூரிய மோவாய், நீண்ட இமை, மெலிந்த உடல் என்ற ஒரே அச்சில் இளைஞரையும் இளம்பெண்ணையும் வார்ப்பது இந்த வழியில் ஊறிப்போன பழக்கம். குரலும் துணைக்கு வராது. கோகுவுக்கு நோசாவா மசாகோ, நருட்டோவுக்குத் தகேயுச்சி ஜுன்கோ எனச் சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்கள் குரல் தருவது அத்துறையில் சாதாரணம்.

இந்த அச்சில் வார்த்த முகத்தைப் பார்த்து ஆண், பெண் என்று பிரிப்பவர் தான் பழகிய அடையாளங்களைத்தான் படத்தில் தேடுகிறார். ‘செய்லர் மூன்’ முதல் பருவத்தில் சோய்சைட்டும் குன்சைட்டும் காதலிக்கும் இரு ஆண்கள். 1990களின் அமெரிக்க டப்பிங் சோய்சைட்டைப் பெண்ணாக்கிவிட்டது. மெல்லிய முகமும் வாரிக்கட்டிய கூந்தலும் இருந்ததால், குரலை மாற்றியதே போதுமாக இருந்தது. படத்தில் கைவைக்கத் தேவைப்படவில்லை. பின்னர் ஃபிஷ் ஐ என்ற பாத்திரத்துக்கும் இதே கதி. இத்தாலிய டப்பிங் இன்னும் சிரமப்பட்டது. ஆண்களாக உலவிப் பெண் வீரர்களாக உருமாறும் ஸ்டார்லைட்ஸ் மூவருக்கும் இரட்டைச் சகோதரிகள் இருப்பதாகக் கதையே கட்டியது. அமெரிக்க டப்பிங்கைப் பார்த்து வளர்ந்தவர் சோய்சைட்டின் படத்துக்கு ‘1கேர்ள்’ என்று இட்டால், அவர் தன் கண் கண்டதையே இட்டிருக்கிறார். விதியை மீறினார் என்று சொல்ல வழியில்லை.

ஃபாஸின் படத்துக்கு வருவோம். ஒருவர் குறுகிய இடையைப் பார்த்துப் பெண் என்கிறார். இன்னொருவர் தட்டையான மார்பைப் பார்த்து ஆண் என்கிறார். இருவருமே பார்த்ததைத்தான் குறித்தார்கள். இத்தகைய படங்களில் விதி ஒற்றை விடையைத் தருவதில்லை. முதலில் வந்தவரின் பழக்கம் விடையாகப் பதிந்துவிடுகிறது.

4. மூலநூல் தீர்ப்புச் சொல்லுமா?

கண்ணை நம்ப முடியாது, மூலத்தைக் கேட்போம் என்பது அடுத்த வாதம். எது மூலம் என்பதில் உடனே சிக்கல் தொடங்குகிறது.

ஹாஞ்சியையே எடுத்துக்கொள்ளலாம். இசயாமா ஹஜிமேயின் மங்கா (2009–2021) அவருடைய பாலை எங்கும் உறுதிசெய்யவில்லை. ஆங்கிலப் பதிப்பில் தொடக்கத்தில் பெண்பால் சுட்டு இடம்பெற்றது. ஆசிரியரின் விருப்பப்படி பாலைக் காட்டும் சுட்டுகளைத் தவிர்ப்பதாகப் பதிப்பகம் பின்னர் அறிவித்தது. அனிமேயோ அவரைப் பெண்ணாகவே காட்டுகிறது. 2015இல் வந்த திரைப்படத்தில் அந்த வேடத்தில் நடித்தவர் இஷிஹாரா சதோமி என்ற நடிகை. ஒரே பாத்திரம், மூன்று ஊடகம், இரண்டு விடை. ரசிகர் வரைந்த ஹாஞ்சி இவற்றில் எந்த ஹாஞ்சி? மங்காவின் கறுப்பு–வெள்ளைக் கோட்டைப் பின்பற்றியவரா, அனிமேயின் உடல்வாகைப் பின்பற்றியவரா என்பது பல சமயம் படத்திலேயே தெரியும். தெரிந்தால் குறிச்சொல்லும் அதைப் பின்பற்றலாம். ‘பாத்திரத்துக்கு ஒரே பால்’ என்ற முன்முடிவோடு எல்லாப் படத்திலும் ஒன்றையே திணிப்பவர்கள், இந்த வேறுபாட்டைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள்.

மொழிபெயர்ப்பு இன்னொரு பொறி. ‘சோல் ஈட்டர்’ கதையின் குரோனாவுடைய பால் மூலத்தில் மறைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. ஆங்கில டப்பிங் ஆண்பால் சுட்டைத் தேர்ந்தது. ஆங்கிலம் வழியாக அனிமே பார்க்கும் பல நாட்டு ரசிகர்களுக்கு அந்தத் தேர்வே ஆதாரமாகிவிட்டது. ஜப்பானியத் தன்மைச் சொற்களும் முடிவான சான்று அல்ல. பையன்களுக்குரியது எனப்படும் ‘போகு’வைச் சொல்லும் பெண் பாத்திரங்கள் ஏராளம், ‘கினோவின் பயணம்’ நாவல்களின் கினோ ஓர் எடுத்துக்காட்டு.

கதைக்குள்ளேயே வழக்கு நடக்கும் இடங்களும் உண்டு. ‘ஹண்டர் × ஹண்டர்’ கதையில் அல்லுகாவைக் கிலுவா தங்கை என்கிறார். குடும்பத்தின் மற்றவர்களுக்கு அல்லுகா மகன், தம்பி. யார் அல்லுகாவை மனிதராக நடத்துகிறார்கள், யார் ஆபத்தான கருவியாக நடத்துகிறார்கள் என்பதோடு பின்னிக்கிடக்கும் வேறுபாடு இது. குறிச்சொல் இடுபவர் இங்கே எந்தப் பக்கம் சாய்ந்தாலும், கதையின் ஒரு தரப்புக்குச் சாட்சி சொன்னவராகிறார்.

மூலமே மாறினால்? ப்ரிட்ஜெட் வீடியோ கேம் பாத்திரம். ஆயினும் ரசிகர் ஓவிய உலகில் அனிமேப் பாத்திரங்களோடு ஒன்றாகவே புழங்குபவர். 2002இல் ‘கில்ட்டி கியர் எக்ஸ்எக்ஸ்’ விளையாட்டில் அறிமுகமானார். இரட்டை ஆண் குழந்தைகள் கேடு என்று நம்பும் ஊரில், பெண்ணாக வளர்க்கப்பட்ட பையன் என்பது அன்றைய கதை. 2022இல் ‘ஸ்ட்ரைவ்’ விளையாட்டில் திரும்பி வந்தபோது, தான் பெண் என்று அவரே முடிவுசெய்கிறார். உருவாக்கியவர்களும் அதை உறுதிப்படுத்தினார்கள். இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த படங்களை இனி என்ன செய்வது? எல்லாவற்றையும் திருத்து என்று ஒரு தரப்பு, பழையதைத் தொடாதே என்று இன்னொரு தரப்பு. பாத்திரத்துக்கான விளக்கப் பக்கம் இன்றைய நிலையைச் சொல்லவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2005இல் ஒருவர் வரைந்த படம் 2005இன் கதையைப் படித்து வரைந்தது. அதன் ஆண்டும், வரைந்தவர் இட்ட சொல்லும் அழியக்கூடாது. திருத்தம் கூடுதலாக ஏறட்டும்.

5. மயக்கம் ஒரே வகையா?

‘பால் தெளிவற்றது’ என்ற ஒற்றைப் பெட்டிக்குள் போடப்படும் பாத்திரங்களை அருகருகே வைத்தால், அவர்களிடையே பொதுவானது மிகக் குறைவு என்று தெரியும். ஃபாஸுக்குப் பால் இல்லை. குரோனாவுக்கு இருக்கலாம், படைப்பாளர் சொல்லவில்லை. ‘கோமி’ மங்காவின் ஒசானா நஜிமி அதை விளையாட்டாகவே மறைக்கிறார். மாணவியர் ஸ்கர்ட்டும் மாணவர் டையும் சேர்த்து அணிந்து, கேட்பவருக்கெல்லாம் மழுப்பலான பதிலைத் தருகிறார். நகைச்சுவையே அங்கேதான் இருக்கிறது. ‘ரன்மா ½’ (1987–1996) நாயகரிடம் மயக்கமே இல்லை. குளிர்ந்த நீர் பட்டால் பெண், வெந்நீர் பட்டால் ஆண். டான்பூருவில் அவருடைய பெண் வடிவத்துக்குத் தனிப் பெயரே உண்டு. ஓஸ்காரின் பால் எல்லோருக்கும் தெரியும். உடையும் பதவியும்தான் ஆணுக்குரியவை. அல்லுகாவின் பால் குறித்து வழக்கு நடக்கிறது. ப்ரிட்ஜெட்டின் விடை காலத்தோடு மாறியது.

இல்லை என்பதும், சொல்லப்படவில்லை என்பதும், எனக்குத் தெரியவில்லை என்பதும் மூன்று வேறு செய்திகள். முதலிரண்டும் படைப்பைப் பற்றியவை. மூன்றாவது குறிச்சொல் இடுபவரைப் பற்றியது. நாளை அவர் நன்றாகப் படித்துவிட்டால் நீங்கிவிடக்கூடியது. நடப்பிலுள்ள ‘1அதர்’ இம்மூன்றையும் விழுங்கிவிடுகிறது. ரோபோ, நிழலுருவம், முகமற்ற அரக்கன் எல்லாம் அதே பெட்டியில்தான் கிடக்கின்றன. (‘பகா டு டெஸ்ட்’ அனிமேயில் ஹிதெயோஷி என்ற பெண்சாயல் மாணவருக்காக, ஆண், பெண் என்ற பலகைகளோடு ‘ஹிதெயோஷி’ என்று தனிக் குளியலறையே வைத்திருப்பார்கள். கேலிதான். ஆனாலும் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்ட முன்வந்த அமைப்பு அது ஒன்றுதான்.)

விடை தெரிந்தே தீரவேண்டும் என்ற நச்சரிப்பு அனிமே ரசிகர்களோடு பிறந்ததல்ல. ‘ஃபேட்’ வரிசையில் பாத்திரமாக வரும் ஷெவாலியே டெயோன் வரலாற்று மனிதர். 1728இல் பிறந்த பிரெஞ்சுத் தூதர், உளவாளி. அவர் ஆணா பெண்ணா என்று 1770களில் லண்டனில் பெருந்தொகைகள் பந்தயம் கட்டப்பட்டன. பந்தயப் பணத்துக்காக நடந்த வழக்கில் 1777இல் மேன்ஸ்ஃபீல்ட் பிரபுவின் நீதிமன்றம் அவரைப் பெண் என்றது. அதன்பின் பெண்ணாகவே வாழ்ந்து 1810இல் இறந்தபோது, உடலைப் பரிசோதித்த மருத்துவர்கள் ஆணுடல் என்றார்கள். முப்பது ஆண்டு வாழ்க்கையை எந்தச் சொல்லின்கீழ் வைப்பது என்பதில் மருத்துவருக்கு ஒரு விடை, நீதிமன்றத்துக்கு ஒரு விடை. இரண்டு இடத்திலும் டெயோனுடைய வாய்மொழி கணக்கில் வரவில்லை.

பெண் தோற்றத்து ஆண் பாத்திரங்களுக்கு ஆங்கில ரசிகர்கள் பல காலம் ‘டிராப்’ என்ற சொல்லை இட்டார்கள். பார்ப்பவரை ஏமாற்றும் வலை என்பது அதன் உட்பொருள். உயிருள்ள திருநங்கையர்மீது வசையாகவும் அது பாய்ந்தது. டான்பூரு அதைக் கைவிட்டு ஜப்பானியச் சொல்லுக்கு மாறியது சரியான முடிவு. புண்படுத்துகிறது என்பதோடு இன்னொரு காரணமும் உண்டு: பாத்திரம் யாரையும் ஏமாற்றாத கதைகளிலும் அச்சொல் ஏமாற்றைக் கண்டது. விவரணையாகவே அது பிழையானது.

6. கூறுகளாகப் பிரித்தல்

பட்டியலாக்கத்தில் இந்தச் சிக்கல் புதிதல்ல. 2010இல் வெளியான ஆர்டிஏ என்ற நூலகப் பட்டியல் விதித்தொகுப்பு, ஆசிரியர்களின் பாலை ஆண், பெண், தெரியவில்லை என்ற மூன்றுக்குள் பதியச் சொன்னது. ஆம்பர் பில்லி, எமிலி டிராபின்ஸ்கி, கே.ஆர். ராபர்ட்டோ மூவரும் 2014இல் அதைக் கடுமையாக விமர்சித்து எழுதினார்கள். நூலைக் கண்டெடுக்க உதவாத ஒன்றை, மாறக்கூடிய ஒன்றை, நிலையான உண்மைபோல ஏன் பதிய வேண்டும் என்பது அவர்கள் கேள்வியின் சாரம். ரசிகர் ஓவியத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. இங்கே பாலைக் கொண்டு தேடுபவர்கள் மிக அதிகம். நீக்கிவிட்டால் தேடலே முடங்கும்.

உதவக்கூடியது எஸ்.ஆர். ரங்கநாதனின் வழி. சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர், 1933இல் கோலன் பகுப்பை வெளியிட்டார். முன்கூட்டியே செய்துவைத்த பெட்டிக்குள் நூலைத் திணிக்காமல், அதன் பொருளைக் கூறுகளாகப் பிரித்துத் தனித்தனியே குறித்துப் பின் கோத்துக்கொள்வது அதன் அடிப்படை. (லண்டன் கடையொன்றில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைப் பார்த்தபோது இந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள்.) ஒரு குறி ஒரு கூறைப் பற்றி மட்டும் பேசவேண்டும் என்ற அந்த ஒழுங்குதான் இங்கே இல்லாதது.

இ621 இந்தத் திசையில் ஓர் அடி வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைப் பொதுக் குறிச்சொல்லில் இட்டுவிட்டு, பாத்திரத்தைப் பற்றி அறிந்ததை ‘லோர்’ என்ற தனி வகையில் இடுவதற்கு அது வழி செய்திருக்கிறது. வரைந்தவரின் சொல்லுக்கு அங்கே இடம் உண்டு. குறை என்னவென்றால், முதல் அடுக்கில் ‘ஆண்’, ‘பெண்’ என்ற சொற்கள் அப்படியே நிற்கின்றன. கண்ணுக்குத் தெரிவது மார்பு, தாடி, பாவாடை, பின்னல். பால் என்பது அவற்றிலிருந்து ஊகித்தது. முதல் அடுக்கில் உடலும் உடையும் மட்டும் இருக்கட்டும். பால் இரண்டாம் அடுக்குக்குப் போகட்டும். அங்கே அது மங்காவா, அனிமேயா, வரைந்தவரின் சொல்லா என்ற மூலமும் கூடவே வரட்டும். ‘இல்லை’யும் ‘சொல்லப்படவில்லை’யும் அங்கே முழு மதிப்புள்ள விடைகளாக இருக்கும்.

இந்தப் பிரிவு எவ்வளவு தேவை என்பதை ‘பால்மாற்றம்’ என்ற குறிச்சொல் காட்டிக்கொடுக்கிறது. ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக, பெண்ணை ஆணாக வரைந்த படங்களுக்கு இடுவது அது. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு மாற்றம் எதுவும் தெரியாது. மூலத்தின் பாலை அறிந்தால்தான் மாற்றத்தைக் காண முடியும். கண் விதியைப் போற்றும் தொகுப்பிலேயே, அறிவின்றி ஒரு நாளும் இட முடியாத குறி புழங்குகிறது. சரி, ஃபாஸைப் பெருத்த மார்போடு ஒருவர் வரைந்தால் அது பால்மாற்றமா? எந்தப் பாலிலிருந்து மாறியது? மார்பு என்ற விவரணையும், மூலத்தில் பால் இல்லை என்ற செய்தியும் தனித்தனியே இருந்தால் கேள்வியே எழாது. வரைந்தவர் செய்த விலகல் அந்த இரண்டுக்கும் இடையில் தானே தெரியும்.

7. பொறி படிக்கும் குறிச்சொற்கள்

தேடல் வசதிக்காக இட்ட சொற்கள் இப்போது வேறு வேலைக்கும் போய்விட்டன. டான்பூரு2021 என்ற ஆய்வுத் தரவுத்தொகுப்பில் 49 லட்சம் படங்களும் 16 கோடிக்கு மேற்பட்ட குறிச்சொல் பதிவுகளும் இருந்தன. படத்தைப் பார்த்துத் தானே குறிச்சொல் இடும் மென்பொருள்கள் இத்தகைய தரவில் பயின்றவை. 2022இல் வந்த நாவல்ஏஐ போன்ற படம் உருவாக்கும் கருவிகளும் டான்பூருவில் பயின்றவையே. அவற்றிடம் படம் கேட்பவர்கள் முதலில் தட்டும் சொல்லாக ‘1கேர்ள்’ ஆகிவிட்டது. முன்பு தன்னார்வலர் தயங்கி இட்ட ஊகம், பொறிக்குப் பாடம். அந்தப் பாடத்தைக் கொண்டு பொறி புதிய படத்துக்கு இடும் குறிச்சொல்லை இன்னொரு தன்னார்வலர் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டால், அது மீண்டும் தரவாகும். ‘1அதர்’ என்பதன்கீழ் அந்தப் பொறிக்குக் கிடைப்பது ரோபோவும் அரக்கனும் ஃபாஸும் ஒன்றாகக் கலந்த குவியல்.

லட்சக்கணக்கான பழைய படங்களை யார் உட்கார்ந்து திருத்துவது என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் பெயருள்ள பாத்திரங்களுக்கு வேலை அத்தனை பெரிதல்ல. இரண்டாம் அடுக்குச் செய்தி பாத்திரத்தின் விளக்கப் பக்கத்தில் ஒருமுறை ஏறினால், அந்தப் பெயர் தாங்கிய படங்கள் எல்லாவற்றுக்கும் அது செல்லும். ஹாஞ்சிபோல ஊடகத்துக்கு ஊடகம் மாறுபவர்களை மட்டும் படம் படமாகப் பார்க்கவேண்டியிருக்கும். உண்மையான சுமை பெயரில்லாப் படங்களில் இருக்கிறது. ஓவியர் தானே கற்பனை செய்து வரைந்த, எந்தக் கதையிலும் இல்லாத உருவங்கள் அவை. அவற்றுக்கு மூலநூல் கிடையாது. வரைந்தவர் எதுவும் எழுதியிருக்காவிட்டால், முதல் அடுக்கை நிரப்பிவிட்டு இரண்டாவதை வெறுமையாக விடுவதுதான் முறை. இன்றுள்ள தொகுப்புகளோ அப்படி வெறுமையாக விட்ட இடத்தை முடிக்கப்படாத வேலையாகக் கணக்கெடுத்து, நிரப்பச் சொல்லி அடுத்த தன்னார்வலரின் வரிசைக்கு அனுப்பிவைக்கின்றன.